குடித்தாயிற்று

சாப்பிட்டாச்சா என்றாள் நாத்தனார்
செங்காங்கிலிருந்து, காலை பத்தே முக்காலுக்கு.
குடிச்சாச்சு என்றேன்.
அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு மெல்ல,
"பஸ் ஓட்டுறவ நீ."

விளக்கினேன்.
இரண்டு கரண்டி புரோட்டீன் மாவு, முந்நூறு மில்லி தண்ணீர்.
வெனிலா என்கிறது டப்பா,
நம்பிக்கொள்கிறேன்.
காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று,
இரவில் மட்டும் தட்டு, அதிலும் பாதி கீரை.
இது ஆறாவது வாரம்.
"அப்ப சாப்பிடல" என்றாள்.
ஆமாம், சாப்பிடவில்லை.

உண்பது தின்பது பருகுவது நக்குவது என்று
நாலாகப் பிரித்து வைத்தார்கள் நம் ஆட்கள்.
எனக்குப் பருகுவது மட்டும் மிச்சம்.
நக்கலை
இண்டர்சேஞ்சில் மற்ற ஓட்டுநர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.
என் பாட்டிலைக் கண்டால் போதும் கோவுக்கு,
சிமெண்ட் கலக்குறியா, எந்தச் சுவருக்கு என்பார்.
ஜலேஹா ஒன்றும் சொல்வதில்லை.
எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறிபஃப் தின்கிறாள்.
அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை.

கம்பெனி பரிசோதனையில் டாக்டர்
திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி திரையைப் பார்த்தார்.
எண்பத்தொன்பது கிலோ.
சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம்
உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசைபோல,
முத்திரை விழுந்தால் உள்ளே வந்துவிடும்.
அன்று மாலை இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது
ஸ்டியரிங்கின் கீழ் விளிம்பு
வயிற்றில் லேசாக உரசியது.
பல வருடமாக உரசியிருக்கும்.
அன்றுதான் கேட்டது.

வீட்டுத் தராசு பொய் சொல்கிறது,
அல்லது நான் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொள்கிறேன்.
என் அளவு வேறு.
முதல் வாரம் வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே
ஒரு ஈஸிலிங்க் அட்டை நுழைந்தது.
இப்போது நான்கு விரல்,
கட்டைவிரல் சேர்க்காமல்.

பசி பழகிவிட்டது.
வேலை போனது பற்களுக்குத்தான்.
இருபத்தொன்பது பேர், ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்கள்,
விடிந்ததும் வரிசையாக வந்து நிற்கிறார்கள்.
முன்பெல்லாம் மென்று விழுங்கியவற்றை
இப்போது பட்டென்று சொல்லிவிடுகிறேன்.
யார்மேல கோபம் என்று கேட்கிறார் அறவாழி.
உங்கமேலதான் என்றேன் ஒருநாள்.
இருவருமே எதிர்பார்க்கவில்லை.

நேற்று பிடோக்கில் ஒரு பையன் ஏறினான்.
பள்ளிச் சீருடை, தோளில் பேட்மிண்டன் மட்டை,
கையில் பழுப்புக் காகிதப் பொட்டலம்.
திறக்காமலே தெரியும், நாசி லெமாக்.
தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பண்டான் இலை,
நெத்திலி, சம்பால்.
பேருந்தில் உண்ணவும் கூடாது பருகவும் கூடாது.
மூன்றாம் நிறுத்தத்தில்
ரப்பர் பேண்ட் அவிழும் சத்தம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
கரண்டி பாதி வழியில் நின்றது.

சொல்லியிருக்க வேண்டும்.
நான் சாலையைப் பார்த்தேன்.

எட்டு நிறுத்தம்.
ஏசிக் காற்று சம்பாலை முன்னால் கொண்டுவந்து
என் மடியில் வைத்தது.
சிவப்பு விளக்கில் எஞ்சின் அடங்கியபோது
நெத்திலி உடைவது கேட்டது.
அவன் மென்றான்.
என் தாடையும் அசைந்துகொண்டிருந்தது.
பக்கத்து லாரிக்காரர் பார்த்த பிறகுதான் கவனித்தேன்.

பின்கதவை விட்டு முன்னால் வந்தான்.
சாரி அன்ட்டி.
சம்பால் எப்படி என்றேன்.
யோசித்தான், நேர்மையான பையன்.
கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி.
அடுத்த மூன்று நிறுத்தத்துக்கு
அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முனையத்தில் ஆறு நிமிடம்.
பாட்டிலைக் குலுக்கினேன்.
உள்ளே கம்பிப் பந்து
யாரோ குழந்தையைச் சமாதானப்படுத்துவதுபோல.

இரவு, தட்டு.
பாதி கீரை, ஒரு துண்டு தெங்கிரி.
காம்பை விடவில்லை, முள்ளையும் சோதித்துப் பார்த்தேன்.
அறவாழி எதிரில் உட்கார்ந்து
இன்னும் கோபமா என்றார்.
வாய் நிறைய இருந்தது.
கையைக் காட்டினேன்,
கொஞ்சம் பொறுங்கள்.